தொட்டில் காலியானதால் வந்த ஆட்சி

(எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியது. கொஞ்சம் சரிசெய்து எழுதியிருக்கிறேன்.)

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டு பேரைத் தள்ளிவைத்தார், இரண்டு பேர் தலையை வாங்கினார், ஒருத்தி பிள்ளை பெற்ற கையோடு செத்துப்போனாள், ஒருத்தி அவருக்கு முன்னால் சாகாமல் தப்பித்தாள். ஆறு பேர் கணக்கும் முடிந்தது. அதனால் நான் இன்று ஆன் ராணியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

முன்வரிசையில் ஐயா ஒருவர் "ஆன் போலினா?" என்று கேட்கிறார். இல்லைங்க, அந்த அம்மா ஹென்றியிடம் தலையைக் கொடுத்தவர், 1536-ல். இவர் வேறு. 1702 முதல் 1714 வரை, பன்னிரண்டு வருஷம் ஆண்டவர். லண்டனில் செயின்ட் பால் கதீட்ரலுக்கு வெளியே இவருக்கு ஒரு சிலை இருக்கிறது. முதல் சிலையை 1712-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்தார்கள். இப்போது நிற்பது பிற்பாடு செய்த நகல். கோயிலுக்கு முதுகும் கடைத்தெருவுக்கு முகமுமாக நிற்பதைப் பார்த்து, ராணியம்மா சாராயக் கடையைப் பார்க்கிறார் என்று அந்த ஊர்க்காரர்கள் பாட்டே கட்டினார்கள். பிராந்தி மேல் அவருக்குப் பிரியம் என்று ஒரு பேச்சு. அவர் பட்ட பாட்டைக் கேட்டால் நீங்களே ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுப்பீர்கள்.

1683-ல் டென்மார்க் இளவரசர் ஜார்ஜைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பின் பதினேழு வருஷத்துக்குள் குறைந்தது 17 தடவை கர்ப்பம். பெரும்பாலும் கலைந்து போனது, அல்லது செத்தே பிறந்தது. உயிரோடு பிறந்தவை ஐந்து. அதில் இரண்டு பெண் குழந்தைகளை 1687 பிப்ரவரியில் பெரியம்மை சில நாள் இடைவெளியில் கொண்டுபோனது, அந்த நாட்களிலேயே இன்னொரு கருவும் கலைந்தது. மிஞ்சியவன் வில்லியம் என்கிற ஒரே பையன். அவனுக்குத் தலை கொஞ்சம் பெரிது, மூளையில் நீர் கோத்திருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள், படி ஏறி இறங்க யாராவது கை கொடுக்க வேண்டும். ஆனால் பயலுக்குப் பட்டாளத்தின் மேல் அப்படி ஓர் ஆசை, அக்கம்பக்கத்துப் பையன்களைச் சேர்த்து ஒரு குட்டிப் படையே நடத்தினான். 1700 ஜூலை 24-ல் பதினோராவது பிறந்த நாள் கொண்டாடினார்கள். ஜூலை 30-ல் போய்விட்டான்.

இந்தப் பிள்ளையின் சாவு அந்த வீட்டோடு நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் நான் வந்தேன். அப்போது ஆண்டவர் ஆனின் அக்காள் புருஷன் மூன்றாம் வில்லியம், அவருக்கும் பிள்ளை இல்லை. ஆனுக்குப் பிறகு வாரிசு இல்லை என்றால், கத்தோலிக்கர் என்பதற்காக 1688-ல் விரட்டப்பட்ட அவளுடைய அப்பாவின் வழி திரும்பி வந்துவிடும். பயந்துபோன பாராளுமன்றம் 1701-ல் ஒரு சட்டம் போட்டது. கத்தோலிக்கர் யாரும் அரியணை ஏறக் கூடாது. பட்டம் ஜெர்மனியில் ஹானோவரில் இருக்கும் சோஃபியா என்கிற கிழவிக்கும் அவளுடைய வாரிசுகளுக்கும் போகும். இரத்த உறவில் இன்னும் நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை அப்படியே தாண்டிப் போனார்கள். பங்காளி வரிசையைக் கடவுள் போடுகிறார் என்று நம்பிய காலத்தில், அதைப் பாராளுமன்றம் போட்டுக் காட்டியது.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. நீதிபதியை ராஜா தன் இஷ்டத்துக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது, ஒழுங்காக நடக்கிறவரை பதவி உண்டு, நீக்க வேண்டும் என்றால் இரு அவைகளும் கேட்க வேண்டும். நம் அரசியல் சாசனத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் பிரிவைப் படித்துப் பாருங்கள், இதன் சாயல் அப்படியே தெரியும்.

1702 ஏப்ரல் 23-ல் ஆனுக்கு முடிசூட்டு விழா. வயது 37. கவுட் நோயால் கால் வீங்கி நடக்க முடியவில்லை, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலியின் முதுகுப்பக்கத்தைத் தாழ்வாகச் செய்திருந்தார்கள், அங்கியின் நீண்ட பின்தொங்கல் பின்னால் விழுந்து வருவதற்காக. நடக்க முடியாத ராணி நடந்து வருகிற மாதிரி ஒரு தோரணை!

ஆட்சியைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடானது. சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு கிழக்கிந்தியக் கம்பெனிகளையும் 1709-க்குள் ஒன்றாக்கினார்கள். பின்னால் மதராஸ் கோட்டையிலிருந்து நம்மை ஆண்டது அந்த ஒட்டுப்போட்ட கம்பெனிதான். 1710-ல் உலகத்தின் முதல் பதிப்புரிமைச் சட்டம். அதுவரை புத்தக வியாபாரிகள் கையில் இருந்த உரிமை எழுத்தாளனுக்கு வந்தது, 14 வருஷம், அவன் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. அந்தச் சட்டத்துக்கு இன்றும் ஆன் பெயர்தான். இங்கே நமக்கு ஒரு நேரடித் தொடுப்பும் உண்டு. ஆனின் கணவருக்குப் போதகராக இருந்த போயம் என்கிற ஜெர்மானியர்தான் தரங்கம்பாடி சீகன்பால்குவுக்கு உதவச் சொல்லி லண்டனில் ஒரு கிறிஸ்தவச் சங்கத்தை விடாமல் நச்சரித்தவர். அந்தச் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரம் 1712-ல் தரங்கம்பாடி வந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது.

அப்புறம் 1708. பாராளுமன்றம் நிறைவேற்றிய ஸ்காட்லாந்து ஊர்க்காவல் படை மசோதாவுக்கு ஆன் கையெழுத்துப் போடவில்லை. பிரெஞ்சுக் கப்பல்கள் படையோடு வருகின்றன என்று தகவல், அந்த நேரத்தில் ஸ்காட்லாந்துக்காரன் கையில் துப்பாக்கி கொடுக்கலாமா என்று மந்திரிகளே பயந்து தடுத்தார்கள். அதற்குப் பின் முந்நூறு வருஷத்துக்கு மேலாக எந்த பிரிட்டிஷ் ராஜாவும் ராணியும் ஒரு மசோதாவை மறுத்ததில்லை. (இந்த இடத்தில் அரங்கத்தில் நல்ல சிரிப்பு. நான் எந்த ஆளுநரையும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன்.)

1714-ல் நடந்ததைப் பாருங்கள். ஜூன் 8-ல் (அந்தக் கால இங்கிலாந்து காலண்டரில் மே 28), 83 வயது சோஃபியா தன் தோட்டத்தில் உலாத்தும்போது மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்க ஓடியவர் அப்படியே விழுந்து இறந்தார். அதே இங்கிலாந்து காலண்டரில் ஆகஸ்ட் 1-ல் ஆனும் போய்ச் சேர்ந்தார். ஒன்பது வாரம் சொச்சம் பொறுத்திருந்தால் கிழவி ராணி. கிரீடம் அவளுடைய மகன் ஜார்ஜுக்குப் போனது. 54 வயது, மனைவியை ஒரு கோட்டையில் அடைத்து வைத்தவர், மந்திரிகளோடு பேச்செல்லாம் பிரெஞ்சில். அவருக்கு இங்கிலீஷே தெரியாது என்பார்கள், அவ்வளவு மோசமில்லை, பிற்பாடு ஓரளவு கற்றுக்கொண்டார். ஆனால் சில வருஷத்தில் மந்திரிசபைக் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். ராஜா வராத கூட்டத்தை யாராவது நடத்த வேண்டுமே! 1721-ல் வால்போல் என்கிற மந்திரி அந்த இடத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் அசையவில்லை. அவரைப் 'பிரதம மந்திரி' என்று எதிரிகள் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். இன்று அது எத்தனை நாட்டில் பதவியின் பெயர்! வில்லியம் என்ற அந்தப் பையன் வளர்ந்து, ஊரறிந்த பாஷை பேசும் ராஜாவாக அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் வால்போலுக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா, எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியாக ஒன்று. ராஜா தொட்டால் கண்டமாலை குணமாகும் என்று அந்த ஊரில் நெடுங்கால நம்பிக்கை. கழுத்தில் நெறி கட்டுமே, அந்த நோய். 1712-ல் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றை லண்டனுக்குத் தூக்கி வந்தார்கள், ஆன் தொட்டார், பொன் பதக்கம் ஒன்றை வெள்ளை ரிப்பனில் கோத்துக் கழுத்தில் போட்டார். நோய் போகவில்லை, கத்தி வைத்துத்தான் அறுத்தார்கள், முகத்தில் தழும்பு நின்றது. பின்னாளில் ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜான்சன்தான் அந்தக் குழந்தை. ராணி நினைவிருக்கிறதா என்று கேட்டால், வைரம் போட்டுக்கொண்டு நீளக் கறுப்பு முக்காடு போட்ட ஒரு அம்மா மங்கலாக நினைவில் இருக்கிறார் என்பாராம். பெற்ற பிள்ளை ஒன்றையும் காப்பாற்ற முடியாத கை, ஊரார் பிள்ளைகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜார்ஜ் வந்ததும் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார். ஜான்சன் மட்டும் 1784-ல் சாகிறவரை அந்தப் பதக்கத்தைக் கழற்றவில்லை.