ஒரு மாற்றல் உத்தரவும் கர்ட் ஃப்ளட்டும்

(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே,

அழைப்பிதழில் ‘ஒரு பேஸ்பால் வீரரின் வாழ்க்கை’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எனக்குத் தொலைபேசியில் பேசினார்கள். ஒருவர் அச்சுப்பிழையா என்று கேட்டார். இன்னொருவர் என் உடல்நலத்தை விசாரித்தார். கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டம் அறியாத கூட்டம் நாம். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆட்டத்தின் விதிகளை நான் விளக்கப் போவதில்லை. மட்டையால் அடிப்பார்கள், ஓடுவார்கள், அடித்த பந்து தரையைத் தொடுமுன் பிடித்துவிட்டால் அவுட். இன்றைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். நான் பேச வந்தது ஒரு மாற்றல் உத்தரவைப் பற்றி. அதைப் பற்றி இந்த அறையில் யாருக்கும் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1969 அக்டோபர் மாதம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 ஆண்டுகள் ஆடிய கர்ட் ஃப்ளட் என்பவருக்கு அதிகாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் முதலாளியும் அல்ல, பொது மேலாளரும் அல்ல. அலுவலகத்தின் நடுத்தட்டு அதிகாரி ஒருவர். “உங்களை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டோம்” என்பதுதான் செய்தி. இவரோடு மூன்று பேர் அங்கே போக, அங்கிருந்து டிக் ஆலன் முதலிய மூன்று பேர் இங்கே வருவார்கள். நாலுக்கு மூன்று, பண்டமாற்று. பின்னால் தபாலில் அச்சடித்த படிவம் ஒன்றும் வந்தது.

அப்போது அவருக்கு வயது 31. ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அந்தக் காலத்தில் அது பெரும் பணம். மைதானத்தின் நடுப்பகுதியைக் காப்பதில் அவருக்கு நிகர் கிடையாது என்று முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் பெரிய விளையாட்டுப் பத்திரிகை ஒன்று அட்டையில் படம் போட்டு எழுதியிருந்தது. சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை 1963 முதல் 1969 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக வாங்கியவர். 1966இல் முழுப் பருவமும் ஒரு பிழைகூட இல்லாமல் ஆடியவர். பிழையில்லாத அந்த ஓட்டம் 226 ஆட்டங்கள் நீண்டது. நம் கணக்கில் சொன்னால், ஒன்றரை ஆண்டு ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வராமல் கல்லாவை மூடிய காசாளர்.

ஒரே ஒரு பந்தை அவரால் மறக்க முடியவில்லை. 1968ஆம் ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசி ஆட்டம். இரு தரப்பிலும் ஓட்டம் எதுவும் விழாமல் ஏழாவது சுற்று வரை இழுத்துக்கொண்டு போகிறது. டெட்ராய்ட் அணியின் நார்த்ரப் அடித்த பந்து குறைந்த தூரம்தான் வரும் என்று நினைத்து ஃப்ளட் இரண்டடி முன்னால் வைத்தார். பந்து நீண்டுகொண்டே போனது. திரும்பினார், ஈரத் தரையில் கால் சறுக்கியது. தொடர் கையை விட்டுப் போனது. 226 ஆட்டத்தை மறந்த உலகம் அந்தச் சறுக்கலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. உலகம் எங்கேயும் அப்படித்தான்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகிறேன். ஃப்ளட் ஹூஸ்டனில் பிறந்து, கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்தவர். கறுப்பினத்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சின்சினாட்டி அணியில் சேர்ந்தார். அவர்கள் அவரைத் தெற்கே, இனப்பிரிவினை முழு வீச்சில் இருந்த வட கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் பயிற்சிக் குழுக்களில் ஆட அனுப்பினார்கள். அங்கே நடந்த ஒன்றைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வியர்வையில் ஊறிய சீருடையைக் கழற்றித் தரையில் குவியலாகப் போடுவார்கள். சலவைக்குப் போய் இரண்டாவது ஆட்டத்துக்குள் வந்துவிடும். ஃப்ளட்டும் தன் சீருடையை அந்தக் குவியலில் போட்டார். உடைமாற்றும் அறையைக் கவனிப்பவர் வந்தார். முனையில் ஆணி பொருத்திய நீளக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து, வெள்ளையர்களின் உடைகளுக்கு நடுவிலிருந்து ஃப்ளட்டின் உடையை மட்டும் குத்தி வெளியே எடுத்தார். கறுப்பர்களுக்கான சலவைக்கடை வேறு. அது தூரத்தில் இருந்தது. மற்றவர்கள் உடை வந்து, உடுத்திக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். 19 வயதுப் பையன் அந்த அறையில் அம்மணமாக உட்கார்ந்திருந்தான். ஒரு வழியாக உடை வந்து, தாமதமாக அவன் மைதானத்துக்குள் நுழைந்தபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள்.

அந்தச் சின்சினாட்டி அணிதான் 1957 கடைசியில் அவரைக் கேட்காமல் கார்டினல்ஸுக்குக் கைமாற்றியது. முதல் முறை அவர் ஒன்றும் பேசவில்லை. இனி ஒரு முறை இப்படி நடக்க விடமாட்டேன் என்று அன்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டாராம்.

இங்கே ஒரு நண்பர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது: “மாற்றல்தானே? நாங்கள் போகாத ஊரா?” நானும் மூன்று முறை பெட்டி கட்டியவன்தான். அதில் ஒன்று, பிள்ளைகளின் அரைப் பரீட்சைக்கு நாலு நாள் முன்னால். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நமக்குப் பிடிக்கவில்லை என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு எதிர்த்தெருவில் இருக்கும் வேறு வங்கிக்கு மனுப் போடலாம். பலர் போட்டார்கள். ஃப்ளட்டால் அது முடியாது. பேஸ்பால் ஒப்பந்தம் பார்வைக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான். ஆனால் அதில் ஒரு ஷரத்து உண்டு: வீரர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அணி தானாகவே இன்னோராண்டு நீட்டிக்கலாம். நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருக்கிறது அல்லவா? ஆகவே மறுபடியும் நீட்டிக்கலாம். ஓராண்டு, ஓராண்டாக ஆயுள் முழுக்க. மற்ற அணிகள் எதுவும் அவரைத் தொடாது. முதலாளிகளுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு. ஆட விருப்பம் இருந்தால் சொன்ன இடத்தில் ஆடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ. நம் ஊரில் நிலத்தை விற்றால் பண்ணையாளும் சேர்ந்து கைமாறிய காலம் ஒன்று இருந்தது. அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 90,000 டாலர்.

ஃப்ளட் வீரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லரிடம் போனார். மில்லர் எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். ஆசை காட்டத் தெரியாத மனிதர். வழக்குத் தோற்கும், ஆட்ட வாழ்க்கை முடிந்துபோகும், பிறகு பயிற்சியாளர் வேலைகூட எவனும் தரமாட்டான் என்று ஒளிக்காமல் சொன்னார். ஃப்ளட் ஒரு கேள்விதான் கேட்டார்: மற்ற வீரர்களுக்கும் இனி வருபவர்களுக்கும் இதனால் பயன் உண்டா? உண்டு என்றார் மில்லர். அப்படியானால் சரி என்றார் இவர்.

1969 டிசம்பர் 24 அன்று, ஆட்டத்தின் உச்ச நிர்வாகியான பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு ஃப்ளட் எழுதிய கடிதம் மிகச் சிறியது. 12 ஆண்டுகள் ஆடிய பிறகு, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கப்படும் சொத்தாக என்னை நான் கருதவில்லை. மற்ற அணிகளின் அழைப்பையும் பரிசீலிக்கும் உரிமை எனக்கு உண்டு. அதை அவர்களுக்குத் தெரிவியுங்கள். சாரம் அவ்வளவுதான். கூன் கொடுத்த பதிலை நம் தலைமை அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவே எழுதியிருக்கலாம்: மனிதன் சொத்தல்ல என்பதை ஏற்கிறேன், ஆனால் அது இங்கே எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை.

சில நாள் கழித்துத் தொலைக்காட்சியில் ஒருவர் கேட்டார்: “ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குகிறீர்கள். இதுவா அடிமைத்தனம்?” ஃப்ளட் சொன்னார்: “நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான்.” நாடு கொதித்தது. கொழுப்பு, நன்றிகெட்டவன் என்று கடிதங்கள் குவிந்தன.

1970 மே மாதம் நியூயார்க்கில் விசாரணை நடந்தது. பேஸ்பாலில் நிறத்தடையை முதன்முதலாக உடைத்த ஜாக்கி ராபின்சன் சாட்சி சொல்ல வந்தார். சர்க்கரை நோயால் பார்வை மங்கி, தலை முழுக்க வெளுத்திருந்தது, வயது 51தான். பழைய நட்சத்திரம் ஹாங்க் கிரீன்பெர்க் வந்தார். அப்போது களத்தில் ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட வரவில்லை. சங்கம் செலவை ஏற்றது, ஆதரித்துத் தீர்மானமும் போட்டது. ஆனால் நீதிமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் வந்து உட்காரக்கூட ஆளில்லை. சங்கத்தில் இருந்தவர்கள் நாம். தீர்மானத்துக்குக் கை தூக்கியவன் எல்லாம் வாயிற்கூட்டத்துக்கு வருவதில்லை என்பது நமக்குத் தெரியாதா?

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பேஸ்பாலுக்கு அங்கே ஒரு பழைய கவசம் இருந்தது. ஆட்டம் என்பது அந்தந்த மாநிலத்துக்குள் நடக்கும் சங்கதி, மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே அல்ல, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் தொடாது என்று 1922இல் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. குத்துச்சண்டைக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பின்னாளில் இந்தச் சலுகை மறுக்கப்பட்டது. பேஸ்பாலுக்கு மட்டும் நிலைத்தது. 1972 ஜூன் 19 அன்று ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட் தோற்றார்.

அந்தத் தீர்ப்பை நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள். எழுதிய நீதிபதி பிளாக்மன் பேஸ்பால் பித்தர். ஆரம்பத்தில் ஆட்டத்தின் வரலாற்றை உருகி உருகி எழுதி, பழம்பெரும் வீரர்கள் 88 பேரின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். கோயில் பிரகாரத்தில் அறுபத்து மூவரைப் பார்த்துக்கொண்டே போவது போல இருக்கும். அவர் பக்கம் நின்ற நீதிபதிகளிலேயே இருவர் அந்தப் பகுதியில் மட்டும் சேர மறுத்துவிட்டார்கள். சரி, அதற்குப் பிறகு என்ன சொல்கிறார்? பேஸ்பாலுக்குக் கிடைத்திருக்கும் விலக்கு விநோதமானதுதான், முறைகேடானதுதான்; ஆனால் அரை நூற்றாண்டாக இருக்கிறது, மாற்றுவதானால் நாடாளுமன்றம் மாற்றட்டும். மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி டக்ளஸ், 1953இல் இதே சலுகையை உறுதிசெய்த தீர்ப்பில் தாமும் சேர்ந்ததற்காக வருந்துவதாக எழுதினார். 19 ஆண்டு கழித்து வந்த வருத்தம்.

தீர்ப்பு வந்தபோது ஃப்ளட் நாட்டிலேயே இல்லை. 1970 முழுக்க ஆடவில்லை. கார்டினல்ஸ் வேறு ஆட்களை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிக் கணக்கை நேர்செய்துவிட்டது. 1971இல் வாஷிங்டன் அணி 1,10,000 டாலருக்கு அழைத்தது. கடன் கழுத்தை நெரித்ததால் போனார். ஆனால் கால் பழைய கால் இல்லை, கண்ணும் பழைய கண் இல்லை. 35 முறை மட்டை பிடித்ததில் ஏழுதான் தேறியது. 13 ஆட்டங்கள். ஏப்ரல் முடிவதற்குள் அணி உரிமையாளருக்கு ஒரு தந்தி: முயன்றேன், ஒன்றரை ஆண்டு இடைவெளி மிக அதிகம். அதோடு விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்.

ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு மதுக்கடை நடத்தினார். குடியை விற்றவரே குடியில் விழுந்தார். நம் வழக்கத்தில் தலைவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போவோம். நான் திருப்பப் போவதில்லை. குடும்பம் ஏற்கெனவே பிரிந்திருந்தது. கையில் பணம் இல்லை.

அவர் ஆட்டத்தை விட்டு விலகியிருந்த காலத்தில்தான் கதவு திறந்தது. மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்கள் 1975 பருவத்தில் கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்தில் ஆடிவிட்டு, ஓராண்டு என்றால் ஓராண்டுதான் என்று நடுவரிடம் வாதிட்டார்கள். ஆட்ட நடுவர் அல்ல, தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர். நடுவர் பீட்டர் சைட்ஸ் ஒப்புக்கொண்டார். முதலாளிகள் உடனே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. தேதியைக் கவனியுங்கள்: 1975 டிசம்பர் 23. ஃப்ளட் கடிதம் எழுதி ஆறு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு. அதற்கு முன்பே, 1973இல், இன்னொன்றும் கிடைத்திருந்தது. பத்து ஆண்டு ஆடி, கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அதற்கு ஃப்ளட் விதி என்றே பெயர் விழுந்தது. 12 ஆண்டு ஒரே அணியில் ஆடியவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். நாலு ஆண்டு தாமதம்.

ஓக்லண்டுக்குத் திரும்பி வந்தவர் 1978இல் உள்ளூர் அணிக்கு வானொலி வர்ணனை செய்தார். பிறகு நகராட்சியின் சிறுவர் பேஸ்பாலைக் கவனித்துக்கொண்டார். மெல்ல மெல்லக் குடியை விட்டார். 1986இல் நடிகை ஜூடி பேஸைத் திருமணம் செய்துகொண்டார். நல்ல ஆண்டுகள் அப்போதுதான் வந்தன. 1989இல் மூத்த வீரர்களுக்கென்று தொடங்கிய போட்டி அமைப்பு ஒன்று இவரை ஆணையர் ஆக்கியது. ஆம், கூன் இருந்தது போன்ற ஆணையர் நாற்காலியேதான். அமைப்பு இரண்டாவது பருவத்தைத் தாண்டவில்லை. 1994இல் வேலைநிறுத்தத்துக்குத் தயாரான வீரர்கள் முன்னால் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் லட்சக்கணக்கில் டாலர் வாங்கியவர்கள் பலர். ஃப்ளட் பெற்றது கைத்தட்டல்.

அடுத்த ஆண்டு தொண்டைப் புற்றுநோய். பேச்சுப் போனது. 1997 ஜனவரி 20 அன்று, 59 வயது முடிந்து இரண்டாம் நாள், லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். அமெரிக்காவில் அது மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாள். 1998 அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், முன்னணி அணி வீரர்களின் வேலை விவகாரங்களில் பேஸ்பாலின் பழைய விலக்கை நீக்கியது. சட்டத்தின் பெயர் கர்ட் ஃப்ளட் சட்டம்.

கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பாலின் புகழ் மண்டபம் இருக்கிறது. ஆணையர் கூனை 2008இல் அங்கே சேர்த்தார்கள். மில்லரைச் சேர்த்தது 2021இல். அதற்குள் அவர் இறந்து ஒன்பது ஆண்டு. ஃப்ளட்டுக்குப் பதிலாக வந்தாரே டிக் ஆலன், அவரும் மறைந்த பிறகு 2025இல் உள்ளே போனார். ஃப்ளட் இன்னும் வெளியேதான். அவர் அடித்தது போதாது என்று ஒரு கட்சி, சராசரி .293, அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 293 தேறும் என்பது என்ன சாதாரணமா என்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சி சரி என்பதை உங்களிடமே விடுகிறேன். தேநீர் வந்துவிட்டது. முணுமுணுத்த நண்பர் முதல் கேள்வியைக் கேட்கலாம்.