தொட்டுப் பார்க்காத வைத்தியம் ஆகுமா? ஆகும்!

நடுவர் ஐயா அவர்களே, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். வார்டில் பல ஆண்டு பழம் தின்று கொட்டை போட்ட மருத்துவ நிபுணர், காணொளி வழி நோயாளி பார்க்க வருவது தோட்டத்து மக்களுக்கு லாபமா, நட்டமா? லாபம் என்பது எங்கள் அணி.

"வயிற்றை அமுக்கிப் பார்க்காதவர் என்ன டாக்டர்?" என்று கேட்டு எதிரணித் தம்பி கைதட்டு வாங்கிப் போனார். தம்பி, வயிற்று வலிக்காரரைத் திரை முன்னால் உட்காரச் சொன்னது யார்? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது, இதற்கெல்லாம் 999தான். நாங்கள் பேசுவது இனிப்பு நீர் என்னும் நீரிழிவும் ரத்தக் கொதிப்பும். மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர்!

கொதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து கிளினிக்கில் ஒரே ஒரு தடவை அளந்தால் எகிறத்தான் செய்யும். வீட்டில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். கருவியின் கைப்பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் கூடுதலாகக் காட்டும். காலையில் மருந்துக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, இடையில் ஒரு நிமிடம். இப்படி ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். 135/85 தொட்டால் அதிகம். இந்தக் கணக்கு நிபுணர் கையில் இருந்தால் போதும், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் சொல்லிவிடுவார்.

அடுத்து மருந்துப் பை. கிளினிக்குக்கு அதை யார் கொண்டுபோகிறார்கள்? வீட்டில் என்றால் மேசையில் கொட்டி, அட்டையை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டலாம். அரசாங்கக் கிளினிக் கொடுத்த மெட்ஃபார்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரையும், தனியார் கிளினிக்கில் வேறு பெயரில் வாங்கிய அதே மெட்ஃபார்மினும் அப்போதுதான் பிடிபடும். முட்டி வலிக்கு விழுங்கும் டைக்லோஃபெனாக் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பசியாறாமல் செம்பனைக் குலை வெட்டப் போனால், சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கும். ரத்தச் சர்க்கரை 4.0 mmol/L-க்குக் கீழே என்றால் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. எதைக் கேட்க வேண்டும் என்பது அனுபவசாலிக்குத்தான் தெரியும், ஐயா.

குறை இல்லை என்று சொல்லவில்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் காமாலை தெரியாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கருத்த தோலில் கூட்டிக் காட்டலாம். அது 94 விழுக்காடு என்று காட்டினால் நம்மவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. லைன் அறுந்துபோகும், அதனால் தொலைபேசி எண்ணையும் லயத்து வீட்டு முகவரியையும் முதலிலேயே கேட்டு வைப்பார் நல்ல டாக்டர்.

பாதம், விழித்திரை, சிறுநீரில் புரதம், இவற்றை ஆண்டுக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். மற்ற மாதங்களில் மருந்தை மாற்றுவதற்காக மட்டும் ஈப்போவுக்குப் பஸ் ஏறினால் அன்றையக் கூலி போச்சு. அதை யார் கொடுப்பது? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும்.