குதிரைவீரன் இல்லாத பதக்கம்: ஜெனரல் ஹுசைன் கான் நக்சிவான்ஸ்கி

[திரையில்: வெள்ளை எனாமல் சிலுவைப் பதக்கம், மிக நெருக்கத்தில்]

இந்தப் பதக்கத்தோட நடு வட்டத்தை நல்லா பாருங்க. குதிரை மேல ஒருத்தர், கையில ஈட்டி, குளம்புக்கு அடியில ஒரு டிராகன். புனித ஜார்ஜ். போர்க்கள வீரத்துக்கு ரஷ்யப் பேரரசு கொடுத்த உச்ச விருது இது.

இப்போ பக்கத்துல இருக்கிறதைப் பாருங்க. அதே சிலுவைதான். ஆனா நடுவுல குதிரைவீரனைக் காணோம், ரெட்டைத் தலைக் கழுகு இருக்கு. 1844லேர்ந்து கிறிஸ்தவர் அல்லாதவங்களுக்கு இப்படித்தான் கொடுத்தாங்க. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவுல இருக்கிற காகசஸ் மலைப்பகுதி முஸ்லிம் வீரர்களுக்கு இது மனக்குறை. "பறவை எதுக்கு? அந்தக் குதிரைவீரனையே குடுங்க"ன்னு கேட்டாங்கன்னு சொல்வாங்க. பின்னே, சேணத்துலயே வளர்ந்தவங்க இல்லையா! 1913லதான் அந்த வேறுபாடு போச்சு.

இந்த ரெண்டு காலத்துலயும் அந்த விருதை வாங்கினவர்தான் இன்னைக்கு நாம பார்க்கப் போற ஹுசைன் கான்.

[திரையில்: வரைபடம், அராஸ் ஆறு]

ஊர் நக்சிவான். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈரான். இன்னைக்கு இது அஜர்பைஜானோட ஒரு பகுதி, ஆனா நடுவுல ஆர்மீனியா இருக்கிறதால தாய்நாட்டோட ஒட்டாம தனியா கிடக்கு. ஹுசைன் கானோட தாத்தா எஹ்சான் கான்தான் இங்க கடைசியா ஆண்ட கான் வம்சத்தவர். 1827ல பாரசீகத்தோட ரஷ்யா போர் நடத்தினப்போ ரஷ்யா பக்கம் வந்துட்டார். அடுத்த வருஷம் துர்க்மென்சாய் ஒப்பந்தம், நக்சிவான் ரஷ்யாவுக்குப் போச்சு. அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்துக்கு ராணுவம்தான் தொழில். பெரியப்பா இஸ்மாயில் கான் 1877ல துருக்கியரோட நடந்த போர்ல பயாசெத் கோட்டைக்குள்ள 23 நாள் முற்றுகையைத் தாங்கினவர். அப்பாவும் ரஷ்ய ஜெனரல்.

1863ல பிறந்த ஹுசைனைத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்ல, பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற 'அரசவைச் சேவகர் படைப்பிரிவு'ங்கிற ராணுவப் பள்ளியில சேர்த்தாங்க. 1883ல மெய்க்காவல் குதிரைப்படை ரெஜிமென்ட்ல அதிகாரி ஆனார். ஜார் மன்னரே கௌரவத் தலைவரா இருந்த ரெஜிமென்ட் அது. அணிவகுப்பு நாள்ல வெள்ளைச் சீருடை, மார்க்கவசம், தலைக்கவசத்து உச்சியில சிறகு விரிச்ச கழுகு. அந்த வரிசையில ஒரு முஸ்லிம் கான். 1906ல அவரே அந்த ரெஜிமென்ட்டுக்குத் தளபதி.

இத்தனைக்கும் காகசஸ் முஸ்லிம்களைப் பேரரசு கட்டாய ராணுவ சேவைக்கு எடுத்ததே இல்லை. அதுக்குப் பதிலா தனி வரி வாங்கிச்சு. சாதாரண விவசாயி கையில துப்பாக்கியைக் கொடுக்க நம்பிக்கை இல்லாத அரசு, தன் மெய்க்காவல் படையை இவர் கையில கொடுத்துச்சு. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்துற விஷயம்.

1904ல ஜப்பானோட போர். காகசஸ்ல இருக்கிற தாகெஸ்தான் மலைக்காரங்கள்ல விருப்பப்பட்டு வந்தவங்களைச் சேர்த்து ஒரு குதிரைப்படையை உருவாக்கி மஞ்சூரியாவுக்குக் கூட்டிட்டுப் போனார். 1905 ஜனவரியில அங்க நடத்தின தாக்குதலுக்கு புனித ஜார்ஜ் விருது, நாலாம் வகுப்பு. அப்போ இருந்த விதிப்படி, கழுகு போட்டது.

[திரையில்: கிழக்கு பிரஷ்யா, ஆகஸ்ட் 1914]

இந்த இடத்துல அவரைப் பத்தின குறையையும் சொல்லணும். முதல் உலகப்போர் தொடங்கினதும், அப்போ ஜெர்மனியோட பகுதியா இருந்த கிழக்கு பிரஷ்யாவுக்குள்ள ரஷ்ய ஜெனரல் ரென்னன்காம்ப்ஃப் படை நுழைஞ்சுது. அதோட வலது பக்கத்தைக் காக்கிறது இவர் வேலை. கையில நாலு குதிரைப்படை டிவிஷன். ஆகஸ்ட் 19 அன்னைக்கு காவுஷன் கிராமத்துகிட்ட டிவிஷனைவிடச் சின்னதான ஒரே ஒரு ஜெர்மன் பிரிகேடோட மோதினாங்க. வீரர்களைக் குதிரையை விட்டு இறங்கவெச்சு, நேருக்கு நேரா நடக்கவிட்டார். மெய்க்காவல் அதிகாரிகள் கொத்துக்கொத்தா விழுந்தாங்க. கடைசியில ராங்கல்னு ஓர் இளம் கேப்டன் குதிரையிலேயே பாய்ஞ்சு ரெண்டு பீரங்கியைப் பிடிச்சார். பின்னால உள்நாட்டுப் போர்ல, போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படைக்கே தலைமை தாங்கின அதே ராங்கல். மறுநாள் கும்பினன்ல பெரிய சண்டை. கானோட படை களத்துலயே இல்லை. காவல் இல்லாத அந்தப் பக்கமா ஜெர்மானியர் உள்ள புகுந்தாங்க.

என் கணிப்பு இதுதான்: ஒரு ரெஜிமென்ட்டை முன்னால நின்னு நடத்துறதுல அவர் கெட்டிக்காரர். நாலு டிவிஷனை மேய்க்கிறது வேற வித்தை. ஆனாலும் அதே வருஷம் அக்டோபர்ல, நாலாம் வகுப்பைவிட உயர்ந்த மூணாம் வகுப்பு ஜார்ஜ் விருது வந்துச்சு. 1913க்கு அப்புறம் இல்லையா, இந்தத் தடவை குதிரைவீரனோட.

1915ல ஜாரோட ஜெனரல்-அட்ஜுடன்ட், அதாவது மன்னரோட பரிவாரத்துல இருக்கிற ஜெனரல். அந்தப் பதவியைப் பெற்ற ஒரே முஸ்லிம் இவர்தான். 1916ல பல டிவிஷன்கள் சேர்ந்த மெய்க்காவல் குதிரைப்படை கோர் முழுக்க இவர் கையில.

[திரையில்: தந்தித் தாள்]

1917 மார்ச் 2, பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி. ஜார் முடி துறந்தார். பதவியை விடச் சொல்லி அவருக்குத் தந்தி அடிச்சவங்க அவரோட சொந்தத் தளபதிகளே. ஜார் பக்கம் நின்னவங்கன்னு வரலாறு சொல்ற பேர் ரெண்டு: இன்னொரு குதிரைப்படைத் தளபதியான கவுன்ட் கெல்லர், ஹுசைன் கான். மெய்க்காவல் குதிரைப்படையோட எல்லையில்லாத விசுவாசத்தையும், மன்னருக்காகச் சாகத் தயாரா இருக்கிறதையும் அவர் காலடியில சமர்ப்பிக்கணும்னு மார்ச் 3 அன்னைக்கு அந்தப் படையிலேர்ந்து தந்தி போச்சு. அப்போ ஜார் கையெழுத்தே போட்டு முடிச்சுட்டார்.

கான் அங்க இல்லாத நேரத்துல அவரோட தலைமை அலுவலர் அனுப்பினதுன்னு வாதிடுற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. இருக்கலாம். ஆனா புதிய ஆட்சி அவரைப் பதவியில விட்டுவைக்கலை.

அப்புறம் பெத்ரோகிராட்ல, அதாவது பேர் மாறின பீட்டர்ஸ்பர்க்ல, ஓய்வு வாழ்க்கை. 1918ல, ஆட்சியைப் பிடிச்சிருந்த கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகள் கைது பண்ணினாங்க. 1919 ஜனவரியில, பீட்டர்-பால் கோட்டையில ஜார் குடும்பத்து இளவரசர்கள் நாலு பேரைச் சுட்டாங்க. ஏறக்குறைய அதே நேரத்துல இவரையும் சுட்டிருப்பாங்கன்னு பலரும் நம்புறாங்க. கல்லறைன்னு ஒண்ணு கிடையாது.

[திரையில்: செம்படைச் சீருடையில் ஓர் அதிகாரி]

இவர் ஹுசைன் கானோட அண்ணன் மகன், அடுத்த தலைமுறை ஜம்ஷித் நக்சிவான்ஸ்கி. அதே வம்சம், அவரும் குதிரைப்படை. ஜார் படை, அப்புறம் 1918ல பிறந்த சுதந்திர அஜர்பைஜான் படை, 1920க்கு அப்புறம் போல்ஷெவிக்குகளோட செம்படை. ஹுசைன் கானைக் கொன்ன ஆட்சிக்குக் கீழ பிரிகேட் தளபதி ஆனார், மாஸ்கோவுல பாடம் எடுத்தார். 1938 ஆகஸ்ட்ல அவரையும் சுட்டுட்டாங்க. அஜர்பைஜான் தலைநகர் பாகுவுல 1971ல தொடங்கின ராணுவப் பள்ளிக்கு ஜம்ஷித் பேர்தான் இருக்கு. இன்னைக்கும் பசங்க அங்க படிக்கிறாங்க.