நோன்புக் கணக்கு தெரிந்த ஆச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு சோதனை 1975-இல் அமெரிக்காவில் வந்தது. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள் என்று போகும். பள்ளிக்கூடம் போனவருக்குச் சரி. பென்சிலே பிடிக்காதவருக்கு?

காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவரை மகன் மருத்துவரான என்னிடம் அழைத்து வந்தார். ஆச்சிக்குத் தேதி தெரியவில்லை. வருடமும் தெரியவில்லை. வரையச் சொன்னதும் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு வரும். அதனால் அப்புறம், காது மந்தம் என்பதால் கொஞ்சம் உரக்க, "பிள்ளையார் நோன்பு எப்ப ஆச்சி?" என்று கேட்டேன். "நாளை மறுநாள். இன்னைக்குப் பத்தொன்பதாம் நாள்ல!" என்றார். பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடான வளவில் யார் யாருக்கு நோன்பின் நூல் திரியான இழை கொடுக்க வேண்டும், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். திருக்கார்த்திகையிலிருந்து ஒரு நாள் பிசகாமல் எண்ணி வருகிறவரை, நாள் கிழமை தெரியாதவர் என்று எப்படி எழுதுவது? அவருக்கு முதலில் வேண்டியிருந்தது காதுக்கு ஒரு கருவி.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வட்டிக்கடைக் கணக்கு எழுதிப் பழகிய பெரியவர் அதே தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். ஆனால் ஒரு காலத்தில் வரவு, செலவு, இருப்பு எல்லாம் அடங்கிய ஐந்தொகையை வாயாலேயே போட்டவர், இப்போது பால்காரருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கத் திணறுகிறார் என்றால், எனக்கு அந்தப் பால் கணக்குத்தான் பெரிய செய்தி. வீட்டார் அதை "வயசாச்சுல்ல" என்று தள்ளிவிடுகிறார்கள். இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வயதானால் இது எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை; இது மூளையைத் தாக்கும் நோய். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோலவே தோன்றும். அவற்றுக்கு மருந்து உண்டு என்பதால் காலம் கடத்தக் கூடாது.

மொழிக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்வதில்லை. இன்னொரு மொழி தெரிந்தால் நோயே வராது என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போன ஊர்க்காரர்கள் நாம். அந்தக் காலத்து மொழிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. மலேயாவில் பிறந்து வளர்ந்த ஓர் ஐயா, பொழுது சாய்ந்ததும் மலாயில் பேசத் தொடங்கினார். பேய் பிடித்துவிட்டதோ என்று மருமகள் பயந்துபோனார். அவர் தெளிவாகத்தான் பேசினார். கேட்டுப் பதில் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

நோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும், சின்ன வயசு மொழி தங்கும். வளவு வீட்டைப் பூட்டிவிட்டு, ஆத்தாவைச் சென்னை அடுக்ககத்துக்கோ வெளிநாட்டுக்கோ அழைத்துப் போகிற பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: பார்த்துக்கொள்ள வருகிறவருக்குத் தமிழ் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தினமும் ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பேச்சில் பேசுங்கள். கொட்டான் என்னும் ஓலைக் கூடை முடைந்த கைக்கு ஓலையைக் கொடுத்துப் பாருங்கள். பேச்சு தடுமாறிய பிறகும் கைப்பழக்கம் பலருக்கு நிற்கிறது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன படித்தார், எந்த மொழிகள் பேசினார், எந்த வேலையில் கெட்டிக்காரர், அதில் இப்போது எங்கே தடுமாறுகிறார், எப்போதிலிருந்து. கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காமல் போட்டு அழைத்துப் போங்கள்.

வணக்கம்.