குழாயிலிருந்து கிணறு வரை

நேயர்களுக்கு வணக்கம்.

கிணற்று மோட்டார் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "தண்ணீர் வேகமாக வரவில்லை, மோட்டாரை வந்து பாருங்கள்." தண்ணீர் வேகமாக வரவில்லை என்பது அவர்கள் கண்ணால் கண்டது. மோட்டாரைப் பாருங்கள் என்பது அவர்களாகக் கட்டிய முடிவு. அந்த முடிவை நம்பி எத்தனையோ நல்ல மோட்டார்களை மேலே தூக்கியிருக்கிறோம். ஒரு நாள் முழுக்கப் பைப்பைக் கழற்றிப் போட்டு, வீட்டுக்காரர்களையும் தண்ணீர் இல்லாமல் தவிக்க வைத்து, சாயங்காலம் பார்த்தால் கோளாறு தொட்டிக்கு அடியில் ஒரு வால்வில் இருந்திருக்கும்.

அதனால் இன்று நான் சொல்ல வந்தது, தேடுவதைக் குழாயில் தொடங்குங்கள், கிணற்றில் முடியுங்கள். தண்ணீர் வந்த வழியில் பின்னோக்கி நடந்தால் எளிய கோளாறுகள் முதலில் கையில் அகப்படும். செலவும் சிரமமும் அதிகமுள்ள இடம் கடைசியில்தான் வரும்.

எதையும் கழற்றுவதற்கு முன் சில கேள்விகள் இருக்கின்றன. ஒரே குழாயில் மட்டும் குறைகிறதா, வீடு முழுக்கவா? நேற்று வரை நன்றாக வந்து இன்று திடீரென்று குறைந்ததா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வந்ததா? எந்த நேரமும் இப்படியா, சில வேளைகளில் மட்டுமா? ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், "காலையில நல்லாத்தான் வருது தம்பி, ரெண்டு பேர் குளிச்சு முடிச்சா நின்னு போகுது, சாப்பிட்டுத் தூங்கி எழுந்தா மறுபடி வருது" என்றார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஓய்வு கொடுத்தால் திரும்பி வருகிறது என்றால் கிணறு ஊற நேரம் கேட்கிறது என்று பொருள். குழாயில் அடைப்பு இருந்தால் அது காலை, மாலை பார்க்காது.

சரி, ஒரே குழாயில்தான் குறைவு என்று வைத்துக்கொள்வோம். குழாயின் வாயில் ஒரு சின்னச் சல்லடை திருகியிருக்கும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு திருகினால் கழன்று வந்துவிடும். உடனே தட்டிக் கொட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் கிணறும் பைப்பும் எப்படி இருக்கின்றன என்பது அந்தத் துகள்களில் தெரியும். முட்டை ஓடு நொறுங்கியதுபோல வெள்ளைத் துணுக்குகள் இருந்தால் அது கடின நீரின் சுண்ணாம்புப் படிவு. பழுப்பு நிறத்தில் தகடு தகடாக இருந்தால் பழைய இரும்புப் பைப் உள்ளுக்குள் துருப்பிடித்து உதிர்கிறது. செம்பழுப்பில் வழவழவென்று களிபோல இருந்தால் தண்ணீரில் உள்ள இரும்பையும் அதில் வளரும் பாக்டீரியாவையும் சந்தேகிக்கலாம். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்க்கும்போது நறநறவென்றால் மணல். மணல் வந்தால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். கிணற்றிலிருந்து மணல் ஏறி வருகிறதென்றால் அது மோட்டாரின் உள்சக்கரங்களை நாள்தோறும் அரைத்துக்கொண்டிருக்கிறது.

சுண்ணாம்புப் படிவுக்கு வினிகர் போதும். சல்லடையையும் ஷவர் தலையையும் சில மணி நேரம் அதில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். சல்லடை கழன்ற குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பாய்ந்து வந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது. வெந்நீர் மட்டும் குறைவு, பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது என்றால் ஹீட்டரையும் அதற்குப் போகும் வால்வையும் பாருங்கள். சூடாகிற இடத்தில்தான் சுண்ணாம்பு வேகமாகப் படியும்.

இப்போது வீடு முழுக்கக் குறைவு என்ற நிலைக்கு வருவோம். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் வேறு, வரத்து வேறு. வரத்தை அளக்க ஒரு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். வாளி நிறைய எத்தனை வினாடி என்று எழுதி வையுங்கள். அழுத்தத்தை அளக்கத் திருகி மாட்டக்கூடிய ஒரு மானி கிடைக்கும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு குழாயைத் திறங்கள். மூடியிருக்கும்போது நல்ல அளவு காட்டிய முள், திறந்ததும் சடாரென்று விழுந்தால் அழுத்தம் இருக்கிறது, வழியில்தான் ஏதோ மறிக்கிறது. மூடியிருக்கும்போதே முள் தாழ்ந்து நின்றால் அழுத்தமே உருவாகவில்லை.

மேல்நிலைத் தொட்டி வைத்த வீடுகளில் அழுத்தத்தைக் கொடுப்பது உயரம் மட்டும்தான். தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 10 மீட்டர் மேலே இருந்தால் ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் என்றால் 0.3 பார். மாடியில் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே பெரும்பாலும் அவ்வளவு உயரம்கூட இருப்பதில்லை. கீழ்த்தளத்தில் நன்றாகவும் மேல்தளத்தில் சோர்ந்தும் வருவது இதனால்தான். பெரிய தொட்டியாக மாற்றினால் வேகம் கூடும் என்று நம்பிச் செலவு செய்தவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்திருக்கிறது. 500 லிட்டர் தொட்டியும் 5,000 லிட்டர் தொட்டியும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் ஒரே அழுத்தத்தைத்தான் கொடுக்கும். தொட்டியை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் தொட்டிக்குக் கீழே அழுத்தம் கூட்டும் சிறிய பம்ப் ஒன்றை வைக்க வேண்டும்.

அழுத்தம் இருந்தும் வரத்து இல்லையா? தொட்டியிலிருந்து வரும் பைப்பின் கூடவே நடந்து போங்கள். வழியில் ஃபில்டர் இருந்தால் அதன் உள்உருளையை எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் மூடி ஓட விட்டுப் பாருங்கள். அடுத்தது வால்வுகள். கேட் வால்வு என்று சொல்கிறோமே, அதை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உள்ளே மேலும் கீழும் நகரும் ஒரு தகடு இருக்கும். பல வருடம் ஆனபின் தகட்டைப் பிடித்திருக்கும் தண்டு அரித்து விட்டுப்போகும். கைப்பிடி வழக்கம்போலச் சுற்றும், முழுக்கத் திறந்ததுபோலவே தெரியும், தகடு மட்டும் பாதி வழியை மறித்துக்கொண்டு கீழேயே கிடக்கும். இப்படி ஒரு வால்வால் ஒரு வீட்டில் இரண்டாவது மோட்டாரே வாங்கிவிட்டார்கள். புது மோட்டார் மாட்டிய அன்றும் ஷவரில் நூல்போலத்தான் தண்ணீர் விழுந்தது. நான் அந்த வால்வை அறுத்தெடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் அதன் ஒரு வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபக்கம் பிறை நிலா அளவுக்குத்தான் வெளிச்சம் தெரிந்தது. ரொம்ப நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

பழைய இரும்புப் பைப்புகளிலும் இதே கதை மெதுவாக நடக்கும். வெளியே ஒரு அங்குலம், உள்ளே பென்சில் நுழையும் ஓட்டை. பைப்பின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அளவு தண்ணீரை அனுப்ப உராய்வில் போகும் இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும். ஒரு குழாயைத் திறந்தால் சரி, இரண்டாவதைத் திறந்ததும் முதலாவது நின்றுவிடுகிறது என்றால் முதலில் பைப்பைச் சந்தேகியுங்கள்.

தொட்டியைக் கழுவிய மறுநாள் தண்ணீர் குறைந்ததா? பைப்புக்குள் காற்று அடைத்திருக்கலாம். வீட்டிலேயே தாழ்வாக உள்ள குழாயை முழுக்கத் திறந்து கொஞ்ச நேரம் விடுங்கள். கடகடவென்று காற்று வெளியேறி நீர் பிடித்துக்கொள்ளும்.

மேல்நிலைத் தொட்டி இல்லாமல், மூடிய அழுத்தத் தொட்டியும் தானியங்கி சுவிட்சும் உள்ள வீடுகளுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்கு (psi, இதுவும் அழுத்தத்தின் அலகுதான்) இறங்கினால் மோட்டார் ஓடும், 50க்கு ஏறினால் நிற்கும். 20–40, 40–60 என்றும் சுவிட்சுகள் உண்டு. தொட்டிக்குள் ஒரு ரப்பர் பை, அதற்கு வெளியே காற்று. மின்சாரத்தை நிறுத்தி, தொட்டித் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, வாகன டயருக்குப் பார்க்கும் மானியால் அந்தக் காற்றை அளக்கலாம். மோட்டார் ஓடத் தொடங்கும் அளவுக்கு 2 பி.எஸ்.ஐ. குறைவாக, அதாவது 30–50 சுவிட்சுக்கு 28 இருக்க வேண்டும். காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது. குழாயைத் திறந்ததும் மோட்டார் சில வினாடிக்கு ஒருமுறை டக், டக் என்று ஓடி ஓடி நிற்பதும் தொட்டியில் காற்று போய்விட்டது என்பதற்கான அடையாளம்தான். அதைத் தள்ளிப்போடாதீர்கள். அடிக்கடி ஓடி நிற்பதில்தான் மோட்டார் சீக்கிரம் எரியும். சுவிட்சுக்குப் போகும் விரல் தடிமன்கூட இல்லாத சிறு குழாய் துருவால் அடைபட்டாலும், சுவிட்ச் தவறான அழுத்தத்தைப் படித்துக் குழப்பும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மோட்டார். மெயினை அணைத்துவிட்டுத்தான் இங்கே கை வைக்க வேண்டும், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வோல்டேஜ் குறைவாக இருந்தால் மோட்டாரின் திருப்புவிசை அதைவிட வேகமாகக் குறையும். 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் விசை 19 சதவீதம் குறைகிறது. மூன்று பேஸ் மோட்டாரில், மின்வேலை நடந்த மறுநாளே தண்ணீர் பாதியாகக் குறைந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

தரையில் வைத்து உறிஞ்சும் மோட்டாருக்கு ஒரு எல்லை உண்டு. காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூண் சுமார் 10 மீட்டர்தான். நடைமுறையில் 7, 8 மீட்டரைத் தாண்டினால் உறிஞ்சாது. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் மோட்டார் மேல் குற்றமில்லை. குழாயில் தண்ணீர் துப்பித் துப்பிக் காற்றோடு வந்தால் உறிஞ்சும் பக்கத்து இணைப்புகளைப் பாருங்கள். அந்தப் பக்கத்து ஓட்டையில், மோட்டார் ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாததால் பலரும் இதைத் தவறவிடுவார்கள். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால் உறிஞ்சும் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு சரியாக மூடவில்லை.

நீர்மூழ்கி மோட்டார் என்றால், அது ஓடும்போது ஆழ்துளைக் கிணற்றின் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே அருவிபோலச் சத்தம் கேட்டால் பைப்பில் எங்கோ விரிசல் இருக்கிறது, ஏறுகிற தண்ணீர் திரும்பக் கிணற்றிலேயே விழுகிறது. எந்தச் சத்தமும் இல்லாமல், வோல்டேஜும் சரியாக இருந்து, கிணற்றில் தண்ணீரும் நிற்கிறது என்றால் மோட்டாரைத் தூக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரிய, திறந்த கிணறானால் கயிற்றில் கல் கட்டி இறக்கினால் போதும். மோட்டார் ஓடுவதற்கு முன் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடியபின் ஒருமுறை, நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து எழுதுங்கள். இறைக்க இறைக்க ஊறும் என்பார்கள், ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஊறல் குறைந்த கிணற்றில் இன்னும் பெரிய மோட்டாரை இறக்கினால் இன்னும் சீக்கிரம் வற்றும், மணலும் ஏறும். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைத்துத் தொட்டியில் சேர்த்து வைப்பதே வழி.

இதில் ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எதைப் பார்ப்பதற்காகவும் கிணற்றுக்குள் நீங்களாக இறங்காதீர்கள். அடியில் பிராணவாயு இல்லாமல் இருக்கலாம். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, கீழே தங்கிவிடும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்க, இரண்டு உயிரும் போவது இப்படித்தான். உரிய கருவிகளும் பயிற்சியும் உள்ளவர்களுக்கான வேலை அது.

எல்லாம் சரியாக ஓடுகிற ஒரு நாளில், காலித் தொட்டி நிறைய எத்தனை நிமிடம், 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி என்று பார்த்து, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை தண்ணீர் குறையும்போது மெக்கானிக்கிடம் அந்த எண்களையும் அன்றைய எண்களையும் சொல்லுங்கள். எந்த ஸ்பேனரை எடுத்து வர வேண்டும் என்று அவருக்கு அங்கிருந்தே தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.