தூணைப் பிடித்து நிற்கும் ஆச்சி

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். வளவில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்த ஆச்சி, "வாங்க தம்பி" என்று சட்டென எழுந்தார். எழுந்தவர் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல, கண்ண இருட்டிக்கிட்டு வருது. வயசாச்சுல்ல."

இருபது வருடமாகச் சர்க்கரை உள்ளவர். வயசு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பாயில் ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிபி பார்த்தேன், மேல் எண் 148. எழுந்து நின்ற மூன்றாவது நிமிடம் 120. நாடித் துடிப்போ படுத்தபோதும் நின்றபோதும் 96, 98. பிபி அவ்வளவு இறங்கியும் கூடாத இந்த நாடிதான் எனக்குக் கவலை தந்தது.

நாம் எழுந்து நின்றால் அரை லிட்டர் ரத்தமாவது வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். உடனே குழாய்களை இறுக்கி, துடிப்பைக் கூட்டிச் சமாளிப்பது, நாம் நினைக்காமலே தானாக வேலை செய்யும் தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்பு இதயத்தை முடுக்கும், வேகஸ் நரம்பு அடக்கும். நரம்பின் பிடியே இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். சும்மா இருக்கையில் 70 என்று இருப்பது வேகஸின் தயவு. கட்டுப்படாத சர்க்கரை பெரும்பாலும் முதலில் அரிப்பது அந்த வேகஸைத்தான். ஆச்சிக்குப் படுத்திருக்கும்போதே 96 இருந்ததும் அதனால்தான் என்று பட்டது.

நல்ல இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் துடிக்காது. மூச்சை இழுத்தால் கொஞ்சம் வேகம், விட்டால் கொஞ்சம் நிதானம். இதுவும் வேகஸின் வேலைதான். மாரடைப்பில் பிழைத்த 808 பேரைத் தொடர்ந்து கவனித்து 1987இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைந்தவர்களிடையே இறப்பு, நன்றாக இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆச்சிக்கு இசிஜி எடுத்தோம். பழைய மாரடைப்பின் தடம் இருந்தது. அவருக்கு ஒரு நாளும் நெஞ்சு வலித்ததில்லை. வலியைச் சொல்லும் நரம்பும் பழுதாகியிருந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், தீபாவளிக்குப் பணியாரம் சுடும்போது உடம்பெல்லாம் வேர்த்து வாந்தி வந்ததாம். அடுப்புச் சூடு என்று சுக்குக் காபி குடித்துவிட்டுப் படுத்தாராம்.

சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குத் திடீரென வேர்த்து, மூச்சு வாங்கி, வாந்தி வந்தால், வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிபி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிட வேலை. எண் இறங்குகிறதே என்று பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் காலைத் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.