கடலுக்குப் பட்டா யார் தருவது?

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலுக்குப் போகிற வழியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை நிற்கிற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சர்வே எண் உண்டு, பட்டா உண்டு. கம்பெனிக்காரர் வருவார், நிலத்துக்காரரிடம் விலை பேசுவார், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகும். பக்கத்துத் தோட்டக்காரருக்கு வண்டிப்பாதை பாத்தியதை இருந்தால் அதுவும் பத்திரத்தில் ஏறும். இப்போது அதே காற்றைப் பிடிக்கக் கடலுக்குள் போகப் போகிறார்கள். நம் நாட்டில் இதற்குத் தோதான கடல் என்று இரண்டு இடங்களை முதலில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒன்று குஜராத் கரையை ஒட்டிய கடல். இன்னொன்று கன்னியாகுமரியில் தொடங்கி மன்னார் வளைகுடா நெடுக உள்ள நம்முடைய தென்கடல். அந்தக் கடலுக்குப் பட்டா கிடையாது. அப்படியானால் அதை யார் கொடுப்பது? கொடுப்பதற்கு முன்னால் யாரைக் கேட்பது? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடல் காற்றாலை வேண்டாம் என்கிற கட்சி இல்லை. நிலக்கரிப் புகையைக் குறைக்க வேண்டும் என்றால் நமக்கு இது தேவை. நிலத்தைவிடக் கடலில் காற்று தடையில்லாமல், சீராக அடிக்கிறது. என் கவலையெல்லாம் அனுமதி எந்த வரிசையில் கேட்கப்படுகிறது என்பதில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் அரசியல் சாசனத்தின் 297ஆவது பிரிவுப்படி கடலுக்கு அடியில் உள்ள நிலமும் அதிலுள்ள செல்வமும் மத்திய அரசுக்குச் சொந்தம். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை நாட்டின் கடல் எல்லை. 200 கடல் மைல் வரை பிரத்தியேகப் பொருளாதார மண்டலம், அதாவது வளங்களை எடுக்கிற உரிமை நமக்கு மட்டும் உள்ள பகுதி. இதற்காக 1976இல் கொண்டுவந்த சட்டத்தில், கடல் ஏற்ற இறக்கத்திலிருந்தும் காற்றிலிருந்தும் நீரோட்டத்திலிருந்தும் சக்தி எடுக்கிற உரிமை இந்தியாவுக்கு உண்டு என்று அப்போதே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வருடத்தில் உலகத்தில் எந்தக் கடலிலும் காற்றாலை கிடையாது. முதல் கடல் காற்றாலைப் பண்ணை டென்மார்க்கில் விண்டபி என்ற இடத்தில் 1991இல்தான் வந்தது. மொத்தம் 11 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 450 கிலோவாட். 1976இல் அந்த வரியை எழுதியவர்களின் தொலைநோக்கை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அப்புறம் நீண்ட காலம் ஒன்றும் நடக்கவில்லை. 2015 அக்டோபரில் தேசியக் கடல் காற்றாலைக் கொள்கை வந்தது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றுசக்தி நிறுவனத்திடம் ஒருங்கிணைக்கிற பொறுப்பைக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் குத்தகை விதிகள் வந்தன. காற்றை அளக்கவும் கடலடியை ஆராயவும் 3 ஆண்டு வரை ஒரு குத்தகை, காற்றாலை கட்டி மின்சாரம் எடுக்க 35 ஆண்டு வரை இன்னொரு குத்தகை. கடலுக்கு நம் நாட்டில் இருக்கிற பட்டா என்று சொன்னால் இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. 12 கடல் மைலுக்குள் கடலடி மத்திய அரசுடையது. அதே தண்ணீரில் ஓடுகிற மீன் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நம் மாநிலத்தில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் அதைக் கவனிக்கிறது. ஆக, தூண் நடுகிறவருக்கு டெல்லியில் அனுமதி, அதே இடத்தில் வலை போடுகிறவருக்குச் சென்னையில் சட்டம். இந்த இரண்டையும் எதிரெதிரே உட்கார வைக்கிற இடம் எது என்று தேடிப் பார்த்தால் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

மற்ற அனுமதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் சம்மதம் வேண்டும். மன்னார் வளைகுடாவில் இலங்கையோடு நமக்குக் கடல் எல்லை இருப்பதால் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. கப்பல் பாதையில் நிற்கக் கூடாது, எண்ணெய் எரிவாயுத் துரப்பணப் பகுதியோடு மோதக் கூடாது, கடலடியில் போகிற தொலைத்தொடர்பு கேபிளைத் தொடக் கூடாது, உயரத்துக்கு விமானப் போக்குவரத்துத் துறை தலையசைக்க வேண்டும். தூண் நடுகிற ராட்சதக் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடி பறக்கிறவை என்பதால் அவற்றுக்குத் தனி உரிமம். இதெல்லாம் அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே போகிற கோப்புகள். தாமதமாகும், ஆனாலும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்.

சுற்றுச்சூழல் விஷயத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமானது. பவளப் பாறை, கடல் புல், நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிற கடல்பசு எல்லாம் அங்கே உண்டு. காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவரும் கேபிள் கரையேறுகிற இடத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். இது வரைக்கும் சரி. ஆனால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. புகை விடாத, மாசில்லாத தொழில் என்று விட்டுவிட்டார்கள். கடல் காற்றாலைக்கு 2015 கொள்கை தாக்க மதிப்பீடு கேட்கிறது என்பது உண்மை. ஆனால் மாவட்டத்தில் பந்தல் போட்டு, கலெக்டர் முன்னால் ஊர்க்காரர்கள் மைக்கைப் பிடித்துப் பேசுகிற மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அந்த 2006 பட்டியலோடு கட்டப்பட்டது. பட்டியலில் இல்லாத தொழிலுக்கு அந்தப் பந்தல் தானாக முளைக்காது.

கடற்கரை ஊர்களில் இந்தச் சட்டங்களைப் பற்றிப் பேசப் போகும்போது காற்றாலை வரப்போகிற இடங்களின் உத்தேச வரைபடங்களை நான் அச்சடித்துக் கொண்டுபோவது வழக்கம். ஒரு ஊர்க் கமிட்டிக் கூட்டத்தில் வயதான ஒரு நாட்டுப்படகுக்காரர் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கட்டம் கட்டமாகக் கோடுகள், ஓரத்தில் அட்சரேகை எண்கள். பிறகு கேட்டார், "தம்பி, இதுல எங்க பாருங்க எல்லாம் எங்க கெடக்கு?" அந்தக் கடலடியில் கிடக்கிற பாறைத் திட்டுகள்தான் பார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கரையில் தெரிகிற மாதா கோயில் உச்சியையும் அதற்குப் பின்னால் தெரிகிற மலை முகட்டையும் நேர்கோட்டில் வைத்து, அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கற்றவர்கள் அவர்கள். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது, ஆனால் பெயர்கள் அப்படியேதான் இருக்கின்றன. என் கையிலிருந்த வரைபடத்தில் கப்பல் பாதை இருந்தது, கடலின் ஆழம் இருந்தது, காற்றின் வேகம் நிறம் நிறமாக இருந்தது. ஒரு பார்கூட இல்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பார் இருக்கிற இடம் பல குடும்பங்களுக்கு ரகசியம். அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு விசைப்படகுக்காரர் கைக்குப் போய்விடும் என்கிற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. துல்லியமான புள்ளியை வெளியிடாமல், இந்தக் கட்டத்துக்குள் மீன்பிடி இடங்கள் உண்டு என்று மட்டும் குறிக்க வழி செய்யலாம்.

ஜப்பானில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அங்கே 2018இல் இதற்கென்று ஒரு சட்டம் நிறைவேறி, 2019இல் அமலுக்கு வந்தது. ஒரு கடற்பகுதியைக் காற்றாலைக்கு என்று அறிவிப்பதற்கு முன்னால் ஒரு குழு கூட வேண்டும். மத்திய அமைச்சகங்கள், மாகாண ஆளுநர், உள்ளூர் நகராட்சித் தலைவர் இவர்களோடு மீனவர் கூட்டுறவுச் சங்கமும் அந்தக் குழுவில் உறுப்பினர். மீன்பிடித் தொழிலுக்கு இடைஞ்சல் வராது என்ற முடிவுக்கு வந்த பிறகுதான் அறிவிப்பு. கம்பெனி யார் என்பதற்கான போட்டி அதற்கும் அப்புறம். நாகசாகி மாகாணத்தின் கோத்தோ கடல்தான் 2019 டிசம்பரில் முதன்முதலாக இப்படி அறிவிக்கப்பட்டது. மீனவர் சம்மதம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதே ஜப்பானில் 2025இல் மிட்சுபிஷி கார்ப்பரேஷன் செலவு கட்டுப்படியாகவில்லை என்று மூன்று இடங்களிலிருந்து விலகிக்கொண்டது. பணக் கணக்கு வேறு கணக்கு. ஆனால் அங்கே மீனவரைச் சம்மதிக்க வைக்கிற வேலை கம்பெனியின் தலையில் விழுவதில்லை. கம்பெனி வருவதற்கு முன்பே அரசு அந்தப் பேச்சை நடத்தி முடிக்கிறது.

இதற்கு நேர் எதிர் அமெரிக்காவின் கேப் விண்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நன்டக்கெட் கடலில் 170 காற்றாலை நிறுத்தப் போகிறோம் என்று 2001இல் ஒரு கம்பெனி அறிவித்தது. இடத்தைக் கம்பெனியே தேர்ந்தெடுத்தது. அப்போது இதற்கென்று தனிச் சட்டம்கூட இல்லை. 2005இல் சட்டம் மாறி, அதிகாரம் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போனது. கடற்கரை வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள், மீனவர்கள் எதிர்த்தார்கள், சூரியன் உதிப்பதை அந்தக் கடல் வழியாகப் பார்த்து வணங்குகிற வாம்பநோக் பழங்குடியினரும் எதிர்த்தார்கள். 2010இல் மத்திய அரசின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனாலும் வழக்கு மேல் வழக்கு. 2017இல் ஒரு தூண்கூட நடாமல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 16 வருடம்.

இழப்பீடு என்று வரும்போது டென்மார்க்கைப் பார்க்கலாம். அங்கே எரிசக்தி முகமை என்ற ஒரே அலுவலகம் எல்லா அனுமதியையும் கையாள்கிறது. ஆய்வுக்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று, மின்சாரம் எடுக்க ஒன்று என்று மூன்று உரிமங்கள். மீன்வளச் சட்டமோ, கடலில் கட்டுமானம் செய்கிறவர் பாதிக்கப்படும் மீனவர்களோடு பேசி இழப்பீடு முடிவு செய்ய வேண்டும் என்கிறது. எவ்வளவு மீன் பிடித்தார்கள், எந்த இடத்தில் பிடித்தார்கள் என்ற பதிவுகளை வைத்துத்தான் பேச்சு நடக்கும். நம் நாட்டுப்படகுகளில் அப்படி ஒரு பதிவேடு கிடையாது. காலையில் கரையில் ஏலம் போய், காசு கைக்கு வந்ததோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நாளைக்கு இழப்பீடு கேட்டால், எவ்வளவு இழந்தாய் என்று கேட்பார்கள். காட்ட என்ன இருக்கிறது?

இன்னும் ஒரு விஷயம், சின்னதாகத் தெரியும், ஆனால் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. சர்வதேசக் கடல் சட்டப்படி கடலில் நிற்கும் கட்டுமானத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போடலாம். இரண்டு காற்றாலைகளுக்கு நடுவில் ஒரு கிலோமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். இரண்டுக்கும் 500 மீட்டர் வளையம் போட்டால், வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். வலை விரிக்க இடமில்லை. 500 என்பது உச்சவரம்பு, கட்டாயமில்லை. நெதர்லாந்தில் 2018இல் சில காற்றாலைப் பண்ணைகளுக்குள் 24 மீட்டர் நீளம் வரையுள்ள படகுகள் போய்வர அனுமதித்தார்கள், கடலடியைச் சுரண்டுகிற இழுவலை கூடாது என்றார்கள். நம் ஃபைபர் படகும் வள்ளமும் அந்த அளவுக்குள் தாராளமாக அடங்கும். ஆகவே வளையம் எத்தனை மீட்டர், எந்தப் படகு உள்ளே போகலாம், எந்த வலை போடலாம் என்பது குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். கட்டி முடித்த பிறகு கடலோரக் காவல் படையிடம் கெஞ்சுகிற நிலைமைக்கு விடக் கூடாது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய இரும்புக் குழாயைக் கடலடியில் சம்மட்டி இயந்திரத்தால் அடித்து இறக்குகிறபோது அந்த அதிர்வு தண்ணீருக்குள் வெகுதூரம் போகும். ஜெர்மனியில் அடிக்கிற இடத்திலிருந்து 750 மீட்டர் தள்ளி அளந்தால் 160 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்காக, ஓட்டை போட்ட குழாயைக் கடலடியில் வட்டமாகப் போட்டு, காற்றைச் செலுத்தி, தூணைச் சுற்றிக் குமிழிகளால் ஒரு திரை எழுப்புகிறார்கள். சத்தம் அந்தத் திரையில் அடங்குகிறது. ஓங்கில் என்கிற டால்பினும் ஆவுளியாவும் வாழ்கிற கடலுக்கு இப்படி ஒரு எண்ணை நாமும் அனுமதியிலேயே எழுதியாக வேண்டும்.

இப்போது நிலவரம் என்ன? தமிழ்நாட்டுக் கடலில் 4 ஜிகாவாட்டுக்கான, அதாவது 4,000 மெகாவாட்டுக்கான கடலடிக் குத்தகை ஏலம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, 2025இல் ரத்தாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் 500, குஜராத்தில் 500 மெகாவாட் கட்டுவதற்கும் இரண்டு துறைமுகங்களை மேம்படுத்துவதற்கும் 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்திருக்கிறது. ஆகவே இந்தப் பேச்சு முடிந்துவிடவில்லை, மறுபடியும் ஏலம் வரும். நடுவில் கிடைத்திருக்கிற இந்த அவகாசம் பெரிய வாய்ப்பு. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் மாநில மீன்வளத் துறையும் காற்றுசக்தி நிறுவனமும் சேர்ந்து ஊர் ஊராக உட்கார்ந்து மீன்பிடி வரைபடம் தயாரிக்கலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில் கூட்டம் வைத்தால் அவர்களும் வருவார்கள்.

ஊர்க் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அரசு வருகிற வரை காத்திருக்க வேண்டாம். ஏலம் போடுகிற இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை, எந்தப் பக்கத்துக் கடல், இவ்வளவு போதும். பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகள் எழுதித் தருவார்கள். தலைச்சுமையாக மீன் விற்கப் போகிற பெண்களின் கணக்கையும் அதில் சேருங்கள், இழப்பீட்டுப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள் அவர்கள்தான். மாதம் ஒருமுறை அதன் நகலை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.